மருதாணி ஆகாத வீடு

மூக்கு அரிக்கிறது. மற்ற நாளில் மூக்கு என்று ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டு கையிலும் மணிக்கட்டைத் தாண்டிக் கோன் மருதாணியை அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து அது தன்னை ஞாபகப்படுத்துகிறது. தோளைத் தூக்கித் தேய்க்கப் பார்த்தேன், எட்டவில்லை. ஈரோட்டிலிருந்து வந்திருக்கும் நஸ்ரின், கோன் போடுகிற பெண், எதிரே ஒருத்தியின் புறங்கையில் மயில் வரைந்துகொண்டிருக்கிறாள். இப்போது கூப்பிட்டால் மயிலுக்குக் கழுத்து கோணிவிடும். மாடி ஹால் முழுக்கப் பச்சைத் துணி கட்டி, பிளாஸ்டிக் சாமந்தியைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நடுவில் சோபாவில் மோகனப்பிரியா, என் கணவரின் தங்கை, நாளை மறுநாள் கல்யாணம். இன்றைக்கு மெஹந்தி, நாளைக்கு ஹல்தி. மெஹந்திக்கு எல்லோரும் பச்சை கட்ட வேண்டுமாம், ஹல்திக்கு மஞ்சள். மஞ்சள் விளைகிற தோட்டத்துக்குள் வீடு, களம் நிறைய மஞ்சள் காய்கிறது, இவர்கள் ஹல்திக்குப் பாக்கெட்டில் பொடி வாங்கி வந்திருக்கிறார்கள். தோட்டத்து மஞ்சள் போட்டோவில் பளிச்சென்று விழாதாம். என்னிடம் இருந்த ஒரே பச்சை, என் மகள் மிருது வயிற்றில் இருந்தபோது கட்டுச்சோத்து விருந்துக்கு எடுத்த சேலை. அதைக் கட்டிக்கொண்டேன். கட்டினதோடு நிறுத்தியிருக்கலாம். கையை நான் நீட்டினேனா, அது தானாக நீண்டதா, சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "நீங்க போடலைன்னா நானும் போடமாட்டேன் அண்ணி, அந்த அக்காவை அனுப்பிருங்க" என்று மோகனா எல்லார் முன்னாலும் உதட்டைப் பிதுக்கினாள். அவளுடைய தோழிகள் பத்துப் பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் என் உள்ளங்கையில் ஜில்லென்று ஒரு கோடு. அந்த ஜில்லிப்பு நேராக முதுகுத்தண்டுக்குப் போயிற்று. ஆறு வருஷம். இந்த வீட்டுக்கு மருதாணி ஆகாது. அத்தை, மோகனாவின் அம்மா, கோயிலுக்குப் போயிருக்கிறார், சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார், வந்ததும் இந்தக் கையைப் பார்ப்பார். அவ்வளவுதான் விஷயம். மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன், மூக்கைத் தவிர.

கழுவிவிடலாமா? மொட்டை மாடிக் கதவுக்குப் பக்கத்திலேயே குழாய். நாலு எட்டு வைத்தால் போதும். "இப்பக் கழுவினா வெளுத்த ஆரஞ்சா நிக்கும்க்கா, காயவிட்டாத்தான் செவப்பு" என்று நஸ்ரின் முதலிலேயே சொல்லிவிட்டாள். ஆரஞ்சு என்றால் மஞ்சள் கறை என்று சொல்லித் தப்பிக்கலாம். சமையலுக்கு மஞ்சள் அரைத்தேன் அத்தை, என்று. மஞ்சள் கறை கொடி கொடியாக, இலை இலையாகவா படியும்? சிவப்பு என்றால் இரண்டு வாரத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. கல்யாணப் பந்தலில் தாம்பாளம் தூக்கி நிற்க வேண்டியவள் நான், பார்க்கிற பங்காளி வீட்டுப் பொம்பளைகள் எல்லாம் முதலில் கையைத்தான் பார்ப்பார்கள். கல்யாணப் பெண் கையில் இருந்தால் அது வேறே. அவள் போகிற பெண். போகிற பெண்ணுக்கு விலக்கு உண்டு, வந்த பெண்ணுக்கு ஏது? அதனால்தான் அத்தையும் மெஹந்தி பேச்சு வந்தபோது, "நீங்க என்னமோ பண்ணுங்க, நான் கோயலுக்குப் போயிட்டு வாறேன்" என்று பொங்கல் சாமானைக் கூடையில் எடுத்து வைத்தார். மிருதுவையும் கூட்டிக்கொண்டார். நாலு வயதுப் பிள்ளை இங்கே இருந்தால் கையை நீட்டும், வேண்டாம் என்று பெற்றவளும், ஆத்தா என்று அது கூப்பிடுகிற பாட்டியும் பிடித்து இழுக்க வேண்டும், நல்ல நாளில் அழுகை எதற்கு என்று நினைத்திருப்பார். அத்தை எதையும் வாய்விட்டுச் சொல்கிறவர் இல்லை. நாம்தான் கூடை தூக்கிய விதத்திலிருந்து புரிந்துகொள்ள வேண்டும்.

அப்படிப் புரிந்துகொள்வதில் எங்கம்மாவை அடிக்க ஆளில்லை. நாங்கள் காங்கேயம் பக்கம், கொறங்காடு. வானம் பார்த்த பூமி, புல்லும் வேலமரமும் மாடும்தான். மஞ்சளை மளிகைக் கடையில்தான் பார்த்திருக்கிறோம். இந்த வீட்டிலிருந்து நிச்சயத்துக்கு வந்த அன்று எங்கம்மா பந்தியில் குழம்பு ஊற்றிக்கொண்டே ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். எல்லாரும் போனபிறகு என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, "அம்மிணி, கவனிச்சியா? அந்த வீட்டுப் பொம்பளைக ஒருத்தர் கையிலயும் மருதாணி இல்ல. எல்லார் கையும் மஞ்சள்தான், வெரல் இடுக்கெல்லாம் மஞ்சள். அவிங்களுக்கு மஞ்சள்தான் ஆகும்போல, மருதாணி ஆகாது. கல்யாணத்துக்கு நீயும் வெச்சுப்போடாதே. முதல் நாளே எதுக்கு ஒரு பேச்சு" என்றார். எங்கள் பின்வாசலில் மருதாணி ஆள் உயரம் நின்றது. கல்யாணத்துக்கு முதல் நாள் என் சித்தி மகள்கள் எல்லாம் அதை உருவி அரைத்து வைத்துக்கொண்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். எனக்கு அப்போது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. இருபத்தோரு வயதில் கல்யாணம் ஆகிறவளுக்கு எல்லாமே புதிது. பாத்ரூம் எந்தப் பக்கம் என்பதிலிருந்து எந்தச் சாமியை முதலில் கும்பிட வேண்டும் என்பது வரை. அதில் இதுவும் ஒன்று. வெறுங்கையோடு தாலி கட்டிக்கொண்டேன். போட்டோக்காரர்தான், "ஏம்மா, மருதாணி வெக்கலியா, கை எடுப்பாவே விழ மாட்டேங்குதே" என்றார். அவருக்கு என்ன தெரியும்.

"அண்ணி, வாயத் தொறங்க." மோகனாவின் தோழி ஒருத்தி முறுக்கை உடைத்து என் வாயில் போடுகிறாள். பெயர் மறந்துவிட்டது, கோயமுத்தூரில் ஒன்றாகப் படித்தவள், ஜீன்ஸ் மேலேயே பச்சைத் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு டிரஸ் கோடு முடிந்தது என்கிறாள். "அம்மிணி, மூக்கக் கொஞ்சம் சொறிஞ்சுவிடு" என்றேன். "எந்த எடத்துலங்க?" "மேல… அங்க இல்ல… ஆ, அங்கதான்." எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி அதையும் வீடியோ எடுத்தாள். மூக்குக்கு விடுதலை கிடைத்ததும் காதோரம் ஒரு ஈ வந்து உட்காருகிறது. கீழே குக்கர் விசில் அடிக்கிறது. எத்தனையாவது என்று தெரியவில்லை; பருப்பு குழைந்திருக்கும். என் செல்போன் எங்கேயோ அடித்து அடித்து ஓய்கிறது. கை இரண்டு இல்லாவிட்டால் ஒரு பொம்பளை எத்தனை இடத்தில் இல்லாமல் போகிறாள். "யாராச்சும் கீழ போயி குக்கர எறக்கி வையுங்க கண்ணுகளா" என்று கத்தினேன். ஜீன்ஸ்காரி ஓடினாள். நல்ல பிள்ளை. இந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமை வருவதில்லை, ஆச்சரியம்தான் வருகிறது. ஒருத்தி வீட்டில் கல்யாணத்துக்குப் பன்றிக்குட்டி வெட்டுவார்களாம், ஒருத்தி வீட்டில் கல்யாணம் முடிகிறவரை கருவாடுகூட அடுப்பில் ஏறாதாம், இன்னொருத்தி வீட்டில் சர்ச்சில் மோதிரம். இங்கே வந்து எல்லாரும் ஒரே பச்சை, ஒரே பாட்டு, ஒரே மாதிரி இடுப்பை ஒடித்து நிற்கிறார்கள். இவர்களுக்கு எது ஆகும் எது ஆகாது என்று செல்போன் சொல்கிறது. எனக்கு எங்கம்மா சொன்னார். இரண்டில் எது மேல் என்று கேட்டால், செல்போனிடம் எதற்கு என்று திருப்பிக் கேட்கலாம். எங்கம்மாவிடம் கேட்க முடியாது.

நானும் யாரிடமும் கேட்கவில்லை என்பதல்ல. கல்யாணமான புதிதில் இவரிடம் கேட்டேன். "உங்கூட்டுல மருதாணி ஏன் ஆகாதுங்க?" என்று. மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எனக்கென்ன தெரியும், பொம்பளைக சமாச்சாரம், அம்மாவக் கேளு" என்றார். அத்தையிடம் எப்படிக் கேட்பது? ஆகாததற்குப் பின்னால் எப்போதும் ஒரு சாவு இருக்கும். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் பூசணிக்கொடி ஆகாது, கொடிக்கடியில் கிடந்த பாம்பு ஒருவரைக் கொத்தியதால். இன்னொரு வீட்டில் தொட்டில் கட்டமாட்டார்கள், அதை நான் சொல்லாமல் விடுகிறேன். ஆக, இங்கேயும் ஒருத்தி இருந்திருப்பாள். நானே அவளைக் கண்டுபிடித்துக்கொண்டேன். இந்த வீட்டில் பிறந்தவள், பதினாறு பதினேழு வயது, நாளைக்குக் கல்யாணம், இரவெல்லாம் மருதாணி வைத்துக்கொண்டு கையை விரித்துப் படுத்தவள், விடிகாலையில் கை கழுவ வாய்க்காலுக்கோ கிணற்றுக்கோ போனாள். அவ்வளவுதான். தண்ணீருக்கு மேலே சிவந்த இரண்டு உள்ளங்கை மட்டும். இந்தப் படம் எனக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது. அவளுக்கு நெற்றியில் சுருள் முடிகூட உண்டு. மிருது பிறந்து ஜுரத்தில் கிடந்த நாட்களில் நான் அவளை வேண்டிக்கொண்டிருக்கிறேன். வேடிக்கைதான். இந்த வீட்டில் எனக்கென்று சொந்தமாக ஒருத்தி இருந்தாள் என்றால் அவள்தான். சாட்சியும் இருந்தது. பின்கட்டில் துவைக்கிற கல்லுக்கு ஓரமாக ஒரு மருதாணிச் செடியின் அடிக்கட்டை, தரையோடு வெட்டப்பட்டது. கல்யாணமாகி வந்த அன்றைக்கே பார்த்துவிட்டேன். வெட்டு புதிதாக, ஈரமாகக்கூட இருந்தது. முளைத்தால்கூட விடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மருதாணி லேசில் சாகாது. ஒவ்வொரு ஐப்பசியிலும் துளிர் விடும். துணி அலசப் போகும்போது நானே கிள்ளி எறிந்துவிடுவேன். ஒருமுறை கிள்ளிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தால் அத்தை வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போனார். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. பார்த்தீர்களா, சொல்லாமலே செய்கிறேன், என்று. அந்த வாரமே யாரிடமோ, "எங்க மருமக எங்கூட்டுல பொறந்தவளாட்ட" என்று அத்தை சொன்னதாகக் காதுக்கு வந்தது. இந்த வீட்டிலேயே பிறந்தவள் மாதிரியாம்.

மருதாணி இறுகுகிறது. காய்ந்த இடத்தில் தோல் இழுபடுகிறது, ஈரமான இடத்தில் குளிர்கிறது. விரல் நுனியில் நஸ்ரின் தொப்பி மாதிரி முழுக்கப் பூசிவிட்டாள், "இது பழைய ஸ்டைல்க்கா, உங்களுக்கு இதுதான் நல்லாருக்கும்" என்று. எனக்குப் பழைய ஸ்டைல் என்று எதை வைத்துச் சொன்னாள்? என் வயது இருபத்தேழு. சர்க்கரைத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து பஞ்சில் தொட்டு ஒத்தினாள். அந்த வாசனை ஒரு நொடி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. ஆறாம் வகுப்பில் மருதாணிக் கையோடு வந்தால் கணக்கு டீச்சர் நோட்டில் கறை என்று வெளியே நிற்க வைப்பார், நாங்கள் வெளியே நின்று யார் கை அதிகம் சிவப்பு என்று ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். அந்தப் பெண் எங்கே போனாள் என்று தேடுகிற வேலையெல்லாம் எனக்கு இல்லை. அவள் போனால் போகிறாள். எனக்குப் பிரச்சனை இந்தப் பெண்தான், இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறவள். ஆறு வருஷமாக இவள் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தாள். கொள்ளுப் பருப்பு கடைவதில் இன்னும் அத்தை கைப்பக்குவம் வரவில்லை. பங்காளிகள் பெயர், முறை, யாருக்கு யாரோடு பேச்சு இல்லை, எல்லாம் இன்னும் குழம்புகிறது. ஆனால் இது ஒன்றில் தவறியதில்லை. சொந்தக்காரர் விசேஷங்களில் எல்லாரும் கையை நீட்டும்போது, "எங்கூட்டுக்கு ஆகாதுங்க" என்று சொல்வேன் பாருங்கள், அப்போது அந்த 'எங்கூட்டுக்கு' என்ற வார்த்தை வாயில் கொஞ்சமும் ஒட்டாமல் சுத்தமாக வரும். வேறு எப்போது சொன்னாலும் அது கொஞ்சம் இரவல் வாங்கினது மாதிரி இருக்கும். இப்போது அத்தை வந்து பார்த்தால் என்ன நினைப்பார்? திட்டமாட்டார். திட்டினால் பரவாயில்லை, நானும் நாலு வார்த்தை சமாதானம் சொல்வேன், முடிந்துவிடும். அத்தையின் கோபம் அப்படி இல்லை. 'எங்கூட்டுல பொறந்தவளாட்ட' என்பதை மட்டும் எடுத்துவிடுவார். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும், சாப்பாடு, பேச்சு, பண்டிகைக்குச் சேலை, எல்லாம். அது ஒன்று மட்டும் இருக்காது. எடுத்தது வெளியே யாருக்கும் தெரியாது.

மோகனா தன் கைகளை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்கிறாள். மாமியார் வீட்டில் யாரை நங்கை என்று கூப்பிடுவது, யாரை அண்ணி என்று கூப்பிடுவது என்று குழம்பாத தலைமுறை, எல்லோரும் ஆன்ட்டி. "என்ன அண்ணி, மொகமே செத்துப்போச்சு? அம்மா என்ன சொல்லும்னா?" "ம்." "அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். இந்தக் காலத்துல யாரு அண்ணி ஆகும் ஆகாதுன்னு பாக்கறா? எத்தனை நாளைக்குத்தான் இப்புடியே இருப்பீங்க?" இப்படிப் பேசுகிறவள்தான், ஹாஸ்டலில் இருந்தபோது ஒருமுறை கைநிறைய மருதாணியோடு வந்து, என்னைக் கண்டதும் இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டாள். சாப்பிடும்போதுகூட ஸ்பூன் கேட்டாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். அத்தையிடம் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரிய உபகாரம் செய்ததாக நினைப்பு. ஏன் என்னைக் கண்டு மறைத்தாள், அத்தைக்கு எதிரே ஏன் மறைக்கவில்லை? அது இப்போதுதான் தோன்றுகிறது. அன்றைக்கு அத்தை பரிமாறினார். ஸ்பூனை எடுத்துக் கொடுத்ததே அத்தைதான். கையைப் பார்க்காமலா கொடுத்தார்? யோசனை அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது, சேலை முந்தானை ஆணியில் மாட்டினது மாதிரி. இழுத்தால் கிழிந்துவிடுமோ என்று இருக்கிறது. விட்டுவிட்டு மறுபடி கழுவலாமா என்பதற்கே வந்தேன். எழுந்துகூட விட்டேன். குழாயை எதனால் திறப்பது? முழங்கையால் தள்ளினேன், இறுகியிருந்தது. இந்தக் குழாய் எப்போதுமே இப்படித்தான், இவரிடம் மாற்றச் சொல்லி எத்தனை தடவை சொல்லியாயிற்று. அப்போது கீழே வேன் கதவு தேய்ந்து மூடுகிற சத்தம். "ஆத்தா, நானே நானே" என்று மிருது படியில் தாவித் தாவி ஏறுகிற சத்தம்.

அத்தை நெற்றியில் கோயில் திருநீறோடு, கையில் பொங்கல் தூக்குப்போசியோடு மாடி வாசலில் நின்றார். நான் குழாயடியில், இரண்டு கையையும் திருடன் மாதிரி தூக்கிக்கொண்டு. ஹாலில் பாட்டை யாரோ நிறுத்தினார்கள். அத்தை என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், திரும்பவும் கையை. பிறகு தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு, "மோகனா" என்றார். குரல் உயரவே இல்லை. "உங்கண்ணிய நீதான வெக்க வெச்ச? நான் என்ன சொல்லிட்டுப் போனேன்? அவ முன்னால கைய ஆட்டிட்டுத் திரியாத, அவளுக்குச் சங்கடம்னு சொன்னனா இல்லியா? அவிங்க கொலத்துக்கு ஆகாதத வெச்சு உட்டுப்போட்டு, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவிங்கம்மாளுக்கு நான் என்ன பதில் சொல்றது?" எனக்கு முதலில் வார்த்தைகள் தனித்தனியாகத்தான் கேட்டன. அவிங்க. கொலத்துக்கு. "யாரு கொலத்துக்குங்கத்தை?" என்றேன். "உங்களுக்குத்தான் கண்ணு." "எங்களுக்கா? எங்க பின்வாசல்லயே ஆளு ஒசரம் நிக்குதுங்களே." அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்புறம் ஏன் கல்யாணத்துக்கு வெறுங்கையோட வந்த?" "உங்களுக்கு ஆகாதுன்னுங்க. நிச்சயத்தப்ப உங்க யாரு கையிலயும் இல்லீன்னு எங்கம்மா…" "அது மஞ்ச வேக வெச்ச மாசம்!" அத்தை கத்தினார். ஆறு வருஷத்தில் அவர் கத்தி நான் கேட்டதில்லை. "அடுப்புல வெந்த மஞ்சள அள்ளிக் கொட்டி, உள்ளங்கை வரைக்கும் கறை. அதுமேல மருதாணி வெச்சா தெரியவா போவுது? வெறுங்கையோட நிக்கற கல்யாணப் பொண்ண நான் எங்க பாத்தேன்? சரி, அவிங்களுக்கு ஆகாதாட்டிருக்குதுன்னு, மண்டபத்துல இருந்து உங்களுக்கு முன்னால ஊட்டுக்கு வந்து, நீ கண்டா மனசு சங்கடப்படுவியேன்னு என்னோட செடிய நானே அருவாள எடுத்து வெட்டினேன். நான் வெச்ச செடி அது, கண்ணு. அப்புறம் அது துளுத்தா நீயே கிள்ளறத பாத்தேன். ஐயோ, இந்தப் புள்ளைக்கு எவ்வளவு பயம்னு…" நிறுத்திக்கொண்டார். என்னிடம் நெருங்கி வந்து மெதுவாக, தோழிகளுக்குக் கேட்காத மாதிரி கேட்டார். "அப்ப உங்கூட்டுல செத்த புள்ள?" "எந்தப் புள்ளைங்க?" "இல்ல… மருதாணிக் கையோட ஒரு புள்ள செத்திருக்கும்னு நானா… சமஞ்ச புள்ள, பாம்பு கடிச்சு…" என் பெண்ணுக்குத் தண்ணீர், அவர் பெண்ணுக்குப் பாம்பு. ஆளுக்கொருத்தியை நாங்கள் கொன்று வைத்திருந்தோம். அவர் எங்கள் குலத்தில், நான் அவர் குலத்தில். இரண்டு பேரும் பிறக்கவே இல்லை.

ஜீன்ஸ்காரிதான் முதலில் சிரித்தாள், பிறகு மோகனா, பிறகு நஸ்ரின் கோனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஏன்டி, நீயாச்சும் கேட்டிருக்கக் கூடாதா?" என்று அத்தை மகளை அதட்டினார். "நீதானம்மா அண்ணிகிட்ட மருதாணிப் பேச்சே எடுக்காதன்னு சத்தியம் வாங்கின!" நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கணக்கு உள்ளே ஓடியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதல்ல. ஆனால் அந்தச் சுருள் முடிக்காரி தண்ணீரிலிருந்து எழுந்து எங்கோ போய்க்கொண்டிருந்தாள். என்னை இந்த வீட்டுப் பெண் ஆக்கிய காரியம் எந்த வீட்டு வழக்கமும் இல்லை. 'எங்கூட்டுக்கு ஆகாதுங்க' என்று நான் எத்தனை விசேஷத்தில் சொல்லியிருக்கிறேன், அது எந்த வீடு? அத்தையும் அதே மாதிரி எங்கோ பார்த்துக்கொண்டுதான் நின்றார். வெட்டாமல் விட்டிருந்தால் அந்தச் செடி ஆறு வருஷத்தில் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு சட்டென்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நஸ்ரின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "ஏங்கண்ணு, அந்தக் கோனுல மிச்சம் கெடக்குதா? மயிலு குயிலெல்லாம் வேண்டாம். நடுவுல ஒரு வட்டம், சுத்தி அஞ்சு பொட்டு. வெரலுக்குத் தொப்பி." வலது கையை நீட்டினார். முதல் பொட்டு விழுவதற்குள் இடது கையையும் அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். அவருக்கு இவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரே அடுப்பில் ஆறு வருஷம் சமைத்தோம்.

மிருது இதற்குள் எல்லார் கையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அத்தைக்கு வட்டம் போட்டு முடித்த நஸ்ரின், "பாப்பா, நீ வா, குட்டிக் கைக்கு ஒரு பூ" என்று கூப்பிட்டாள். மிருது இரண்டு கையையும் பாவாடைக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நாங்க வெக்கமாட்டோம்" என்றாள். பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குப் பதில் சொல்கிற குரல், தெளிவாக, தலையை நிமிர்த்தி. நான் சொல்லிக்கொடுத்ததுதான். போன வருஷம் ஒரு சீர் வீட்டில் எல்லாக் குழந்தைகளும் கையை நீட்டியபோது இவளும் நீட்டினாள். நான் தனியாகக் கூட்டிப்போய், நாமெல்லாம் வைக்கமாட்டோம் தங்கம், நாம வேற, என்றேன். அழவில்லை அவள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, திரும்ப அந்தக் குழந்தைகளிடம் போய், நாங்க வேற, என்று பெருமையாகச் சொன்னாள். "அப்புடியெல்லாம் ஒண்ணும் இல்ல சாமி. நாம தெரியாம இருந்துட்டோம். வெச்சுக்க" என்றார் அத்தை. "வேண்டாம்." "யாரு வெக்கமாட்டீங்க? யாரு அந்த நாங்க?" என்று மோகனா கிண்டலாகக் கேட்டாள். மிருது யோசிக்கவே இல்லை. "நானு, அம்மா, ஆத்தா" என்றாள். அத்தை தன் கையைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். மிருதுவும் பார்த்தாள், எங்கள் இரண்டு பேர் கையையும், முதல் முறை பார்ப்பவள் மாதிரி. பெரியவர்கள் செய்கிற தப்பைக் குழந்தைகள் மன்னிக்கும்போது முகம் கொஞ்சம் சுருங்குமே, அப்படிச் சுருங்கியது. "பரவால்ல. கழுவுனா போயிரும்" என்றாள் எங்களுக்குச் சமாதானமாக. போகாது என்று சொல்ல வாய் எடுத்தேன். அத்தை என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். சொல்லாதே என்றா, சொல் என்றா, இந்த முறை நான் புரிந்துகொள்ள முயலவில்லை. அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றால் இரண்டு கையும் ஈரம். மிருது தானாகவே வந்து எனக்கும் அத்தைக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்களைப் போலவே, ஒன்றும் வைக்காத தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தபடி, காயட்டும் என்று காத்திருந்தாள்.